கோவிந்தன் கை காட்டின எடம்

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு ஊரு இருந்திச்சி. சின்னச் சின்ன மரம். சுண்டு விரலு நீளத்துக்குக் காரு. ஊதுவத்திய நட்டு வெச்ச மாதிரி ஒசர ஒசரமாக் கட்டடம், ஒவ்வொண்ணுக்குள்ளயும் லைட்டு எரியுது. ஷாமியானா போட்டு, நடுவுல மேசை மேல அத வெச்சிருந்தாங்க. நாங்கல்லாம் பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி சுத்தி நின்னு எட்டிப் பாத்தோம்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மூக்கு கண்ணாடியில முட்டிச்சி. "தனம், நம்ம வீடு எங்கடி?"

"உன் வீட்டக் கண்டுபுடிக்கிறது கஷ்டமா? முந்தாநாள் தொவச்ச துணி இன்னும் கொடியில தொங்குமே, அதத் தேடு."

அவ நெசமாவே தேடினா. திட்டினாலும் தேடுறத விடலை. நானும் தேடினேன்.

மலை இருந்திச்சி. மலை ஓரத்துல எங்க பழைய குவாரிக் குண்டு, தண்ணி தேங்கின குழி, இருந்திச்சி, நீலமா, சோப்பு வெளம்பரத்துல வர்ற தண்ணி மாதிரி. அதுல ரெண்டு அன்னம் மிதந்திச்சி. எங்க குண்டுல இதுவரைக்கும் மிதந்ததெல்லாம் எருமையும் தெர்மாக்கோலும்தான். மலைக்கு இந்தப் பக்கம், நாங்க இருக்க வேண்டிய எடத்துல, பச்சப் பசேல்னு புல்லு.

கழுத்துல பட்டை மாட்டிக்கினு கம்பெனிப் பையன் ஒருத்தன் நின்னான். அவன் பேசினது ஹிந்தி. எனக்கு வர்ற ஹிந்தி ஹைதராபாத் ஆட்டோக்காரன் கத்துக்குடுத்த ஹிந்தி. அதுலயே கேட்டேன், எங்க ஊரு எங்கப்பான்னு.

"உங்க ஊரு ப்ராஜெக்ட்ல வராது ஆன்ட்டி. இது பக்கத்துல வருது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா, எங்க தலை மேல எதுக்குப்பா புல்லு மொளச்சிருக்கு?"

பையன் சிரிச்சான். சமோசா சாப்பிட்டீங்களான்னு கேட்டான். சாப்பிட்டேன். உள்ள பட்டாணி நல்லாத்தான் இருந்திச்சி, பொய் சொல்லக் கூடாது.

பள்ளத்து ஊரு

போன வாரம் இதே பக்கத்துல, என் கல்யாணத்துல ரசம் தீந்துபோன கதையச் சொன்னேன். அதப் படிச்சிட்டு, "நீங்க எந்த ஊரு, ஹைதராபாத்துல எங்க"ன்னு யாரோ ஒரு அம்மா கேட்டிருக்காங்களாம். என் மருமக கவிதா சொன்னா. நான் சொல்லச் சொல்ல எழுதுறது அவதான். நான் படிச்சது மூணாங்கிளாஸு. அந்த மூணு வருசமும் டீச்சர் வீட்டுக் கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்தியே போயிடுச்சி. கத்திரிக்கா மட்டும் நல்லாப் பாஸாச்சி.

மல்காஜ்கிரி ரயில்வே கேட்டத் தாண்டி, ஆட்டோவுல ஏறி "குட்டகிந்த"ன்னு சொன்னீங்கன்னா டிரைவர் மூஞ்சி சுளிப்பான். திரும்பி வர சவாரி கெடைக்காது அவனுக்கு. குட்டன்னா தெலுங்குல மலை, கிந்தன்னா கீழ. ரெண்டு பாறை மலைக்கு நடுவுல, பள்ளத்துல கெடக்குது ஊரு. சூரியன் எங்களுக்கு லேட்டா வருவான், சீக்கிரமாப் போயிடுவான். பேங்க் ஆபீசர் மாதிரி. மழைக் காலத்துல சில நாளு லீவும் போட்டுடுவான்.

எங்க வீட்டுக்காரரோட பாட்டனுங்கள வெள்ளக்காரன் காலத்துல திருவண்ணாமலைப் பக்கத்துலருந்து கல்லொடைக்கக் கூட்டியாந்தாங்க. செகந்திராபாத் பட்டாளத்துக் கட்டடத்துக்கும், தண்டவாளத்துக்கு அடியில கொட்டுற ஜல்லிக்கும் எங்க மலைதான் கல்லு குடுத்திச்சி. வெள்ளக்காரன் போனான், முதலாளி வந்தான். முதலாளி போனான், அவன் புள்ள வந்தான். ஒரு நாளு மெஷினையெல்லாம் லாரியில ஏத்திக்கினு அவனும் போயிட்டான். குழிய மட்டும் விட்டுட்டுப் போனான். அத ஏத்த முடியலை போலருக்குது.

இப்ப எங்க ஊருல கெழவனுங்க கம்மி, கெழவிங்க ஜாஸ்தி. பாறையில மெஷின் வெச்சித் தொளை போடும்போது மாவு மாதிரி தூசி பறக்கும் பாருங்க, அது போயி ஆம்பளைங்க நெஞ்சுல உக்காந்துக்கும். டாக்டரு அதுக்கு நீளமா ஒரு பேரு சொன்னாரு. நாங்க கல்லு மாவுன்னு சொல்லுவோம். எங்க வீட்டுக்காரரு அதுலதான் போனாரு. கடைசி வருசம் அவரு தூங்குறப்ப உள்ள யாரோ அம்மி அரைக்கிற மாதிரி சத்தம் கேக்கும். "சட்னி ரெடியாய்யா?"ன்னு கேப்பேன். சிரிக்க வரும் அவருக்கு, ஆனா சிரிச்சா இருமல் வரும். அப்பால நான் ஜோக்கு சொல்றதையே விட்டுட்டேன். அவருக்காக நான் விட்ட ஒரே கெட்ட பழக்கம் அதுதான். அவரு போனதும் திரும்பப் புடிச்சிக்கினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் பெரிய டவுன்ஷிப்பு வருதுன்னு பேச்சு வந்தப்ப, நெசத்தச் சொல்றேன், எனக்கும் சந்தோசம்தான். ஆஸ்பத்திரி வரும்னாங்க. என் புள்ள சேகரு, "வேலை வரும்மா, நெலத்துக்கு மதிப்பு ஏறும்மா"ன்னு மாடிப்படி ஏறுற மாதிரி கையக் காட்டிச் சொன்னான். ஊருல பாதிப் பேருக்கு மேல சரின்னுதான் சொன்னாங்க. எங்க பள்ளத்துக்குள்ள எந்த நல்லதும் வந்ததில்ல, இதாவது வரட்டும்னு நானும் இருந்தேன்.

அப்பாலதான் மேட்டுல செவப்புக் கொடி நட்டாங்க. டவுன்ஷிப்புக்குப் போற பெரிய ரோடு அது மேலதான் போவுதாம்.

மேடு

மேடுன்னா ஊருக்குப் பின்னால, மலையோட முதுகுல இருக்குற செம்மண்ணு எடம். கீழருந்து பாதி வரைக்கும் பாறை, அது மேல தோலு மாதிரி கொஞ்சம் மண்ணும் புல்லும். அதுக்கு மேல போனா நல்ல மண்ணு, பூரா சீத்தாப்பழப் புதரு. சீசன்ல பழம் கண்ணு முழிச்சிக்கினு தொங்கும். எங்க ஊருக்காரங்க ஒருத்தரும் பறிக்க மாட்டாங்க. மல்காஜ்கிரியிலருந்து வர்ற பசங்க பறிச்சிக்கினு போவும். அதுங்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்றதில்ல.

அது எங்க கொழந்தைங்க இருக்குற எடம்.

பெரியவங்க செத்தா எரிப்போம். பல்லு மொளைக்காத புள்ளைங்கள எரிக்க மாட்டோம், பொதைக்கிறதுதான். எங்க ஜனத்துல அதுக்கு ஒரு கட்டு உண்டு. மேல கல்லு நடக் கூடாது. திதி, காரியம் ஒண்ணும் கெடையாது. பெத்தவ கூட வரக் கூடாது. எடுத்துக்கினு போற ஆளு திரும்பிப் பாக்காம வரணும். எந்த எடம்னு பெத்தவகிட்ட சொல்லவே கூடாது. சொன்னா அவ அங்கயே போயி உக்காந்துக்குவா, அடுத்த புள்ள தங்காதுன்னு சொல்லுவாங்க.

பெத்த அப்பனுங்களுக்கு மண்ணு தள்ள மனசு வராது. அதனால எங்க ஊருல அந்த வேலையச் செஞ்சது பூரா கோவிந்தன்தான். எங்க வீட்டுக்காரரோட சேந்து தொளை போட்டவன். சொந்தத் தம்பி இல்ல, ஆனா என்ன அண்ணின்னுதான் கூப்புடுவான். அவனுக்கு மீசை மொளைக்கிற வயசுலயே இந்த வேலை அவன் தலையில விழுந்திச்சி. பயப்பட மாட்டான்னு அவனக் கூப்புட்டாங்க. அவன் பயந்தானா இல்லியான்னு யாரும் கேக்கலை.

என் மொதப் பொண்ணு கழுத்து நிக்கிறதுக்குள்ளயே போயிடுச்சி. காய்ச்சல். அந்தக் காலத்துல பள்ளத்துக்குள்ள ஆட்டோவும் வராது. என் கல்யாணச் சேலையில பாதியக் கிழிச்சி சுத்திக் குடுத்தேன். கோவிந்தன் வாசல்ல நின்னு ரெண்டு கையையும் நீட்டினான். சாப்பாட்டுத் தட்டு வாங்குற மாதிரி ஜாக்கிரதையா வாங்கினான்.

அவன் திரும்பி வந்து கால் கழுவும்போது கேட்டேன். "எங்கடா வெச்சே?"

"மேல, அண்ணி."

அவ்ளோதான்.

நானா விடுவேன்? அப்பால எத்தினி பொங்கலு, எத்தினி தீவாளி. பாயசத்த டம்ளர்ல ஊத்தி அவன் கையில குடுக்குறதுக்கு முன்னாடி டம்ளர விடாம புடிச்சிக்கினு கேப்பேன், "எங்கடா?" அவன் டம்ளரப் பாத்தே சிரிப்பான். "முந்திரி கம்மியாருக்கே அண்ணி." பாக்குறவங்களுக்கு அண்ணியும் கொழுந்தனும் வெளையாடுற மாதிரி இருக்கும். அவனுக்குக் கல்யாணம் ஆச்சி, புள்ளைங்க ஆச்சி, எனக்கும் சேகரு பொறந்தான். வருசா வருசம் நான் கேட்டேன். வருசா வருசம் அவன் முந்திரியப் பத்தியே பேசினான்.

மேடம் கேட்ட கேள்வி

அன்னிக்கு ஷாமியானாவுல சமோசா முடிஞ்சி மைக்கு வந்திச்சி. கருத்துக் கேக்குற கூட்டம்னு சொன்னாங்க. கவர்மெண்டுலருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, தெலுங்குக்காரங்க. நல்ல மாதிரி. நாங்க பேசும்போது போனப் பாக்காத ஒரே ஆபீசரு.

நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா வேலை கேட்டாங்க, தண்ணி கேட்டாங்க. ஒருத்தன் கோயிலுக்கு டைல்ஸு கேட்டான். நான் மைக்க வாங்கினேன். சேகரு பின்னாலருந்து, "அம்மா, நக்கோ, வேணாம், உக்காரு"ன்னு பல்லக் கடிச்சான். மைக்கு முன்னாடி நிக்கிற பொம்பளைய உக்கார வெக்க அவங்கப்பனாலயே முடிஞ்சதில்ல.

"மேடம், ரோடு போடுங்க. வேணான்னு சொல்லலை. அந்த மேட்டு மேல வேணாம். எங்க புள்ளைங்க அங்க இருக்குது."

மேடம் மொதல்ல வெளையாடுற புள்ளைங்கன்னு நெனச்சாங்க போல. கன்னியம்மா எந்திரிச்சி, செத்துப்போனதுங்கன்னு சொன்னா.

"சமாதி இருக்குதா அவ்வா? கல்லு, கில்லு?"

"கல்லு வெக்கக் கூடாது மேடம்."

கல்லொடைக்கிற ஊருல கல்லு வெக்காத இடுகாடு. எனக்கே சிரிப்பு வந்திச்சி.

"சரி, எந்த எடம்னு காட்டுங்க."

நாங்க நாலஞ்சு கெழவிங்க எந்திரிச்சி நின்னு மேட்டப் பாத்து கைய நீட்டினோம். அங்கதான் தப்பு ஆச்சி. கன்னியம்மா கை ஒத்தப் பனைமரத்தப் பாத்துப் போச்சி. என் கை, ரெண்டு உருண்டைப் பாறைக்கு நடுவுல போச்சி. இன்னொருத்தி கை ஓடைப் பக்கம். ஒவ்வொருத்தியும் மனசுக்குள்ள ஒரு எடத்த முடிவு பண்ணி வெச்சிக்கினு, வருசக் கணக்கா தண்ணி தூக்குறப்பவும் துணி காயப் போடுறப்பவும் அதையே பாத்துக்கினு இருந்திருக்கோம். ஒருத்தி எடம் இன்னொருத்திக்குத் தெரியாது.

கம்பெனிப் பையன் மேடம் காதுல இன்னாவோ சொன்னான். மேடம் என்னப் பாத்தாங்க. கோவமில்ல, ஆனா களைச்சிப் போயிருந்தாங்க.

"அவ்வா, ஆளுக்கு ஒரு பக்கம் காட்டினா நான் இன்னான்னு எழுதுறது? ஒரே எடத்தக் காட்டுங்க, எல்லாரும் ஆமான்னு சொல்லுங்க. அந்த எடத்துக்கு வேலி போட்டு, ரோட்டத் தள்ளிப் போட வெக்கிறது என் பொறுப்பு. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாரும் கோவிந்தனப் பாத்தோம். அவன் கடைசி நாற்காலியில குனிஞ்சி உக்காந்துக்கினு, துண்ட வாயில வெச்சி இருமிக்கினு இருந்தான்.

அன்னிக்கு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன்.

"சொல்லக் கூடாது அண்ணி," அப்பிடின்னான். "இத்தினி வருசம் காப்பாத்திட்டேன்."

"டேய், மேல ரோலரு ஓடினா உன் சத்தியத்து மேலயும் சேத்துதான்டா ஓடும்."

மூச்ச இழுத்து விடுறதே அவனுக்கு ஒரு வேலை மாதிரி இருந்திச்சி. அப்பால, "மேடத்த வரச் சொல்லு"ன்னான்.

ஏறினோம்

வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி கெளம்பினோம். மேடம், கம்பெனிப் பையன், சுண்ணாம்பு மாவு டப்பாவோட சர்வே ஆளு ஒருத்தன், கெழவிங்க நாங்க. முன்னால கோவிந்தன், கையில குச்சி.

அந்தக் கோவிந்தன் ஒரு காலத்துல மெஷினத் தோள்ல போட்டுக்கினு பாட்டுப் பாடிக்கினே இந்த மலை ஏறினவன். இப்ப நாலு எட்டு வெப்பான், நிப்பான். கன்னியம்மா தண்ணி குடுத்தா, வாயில இருந்ததுல பாதி சட்டை மேல விழுந்திச்சி. மறுபடி நாலு எட்டு. அவன் மூச்சு, துருப்புடிச்ச கதவு மாதிரி கிறீச்சின்னு போயி வந்திச்சி. மேடம்கூட தலையக் குனிஞ்சிக்கினாங்க.

பாதி வழிக்கு முன்னாலயே நின்னான். அங்க ஒரு சமமான எடம், புல்லு மூடின பாறை. அதுல உக்காந்துட்டான்.

நாங்க காத்துக்கினு நின்னோம். அவன் தலைய நிமித்தி மேல பாத்தான். சீத்தாப்பழப் புதரு அங்கருந்து இன்னும் ஒசரத்துல இருந்திச்சி. காத்துல ஆடிச்சி. அவன் அதப் பாத்த பார்வைய நான் பாத்தேன்.

"அங்கிள், இன்னும் மேல போகணுமா?" கம்பெனிப் பையன் கேட்டான்.

கோவிந்தன் என் பக்கம் திரும்பினான். ஒதடு சாம்பல் கலருல இருந்திச்சி. உள்ளங்கையத் தரையில வெச்சான்.

"இங்கதான்."

"எது? எல்லாமா?" மேடம் கேட்டாங்க.

"எல்லாம் இங்கதான்."

நான் காலு கட்டை விரலால புல்ல அழுத்திப் பாத்தேன். அரை விரக்கடை மண்ணு, அதுக்குக் கீழ பாறை. வெறும் பாறை. அங்க ஒரு தேங்காயக்கூட பொதைக்க முடியாது. அவன் மூச்சு வாங்கி உக்காந்த எடம் அது, வேற ஒண்ணும் இல்ல.

"அவ்வா, சரியா?" மேடம் மொதல்ல என்னத்தான் கேட்டாங்க. கூட்டத்துல மைக்கப் புடிச்சவ நான்தானே.

மேலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லியிருந்தா கோவிந்தன் எந்திரிக்கப் பாத்திருப்பான். எந்திரிச்சிருந்தா அங்கயே விழுந்திருப்பான். இல்லன்னா மேடம், இவங்களுக்குள்ளயே ஒத்து வரலைன்னு எழுதிட்டு எறங்கிப் போயிருப்பாங்க, கன்னியம்மாவுக்கும் மத்தவளுங்களுக்கும் ஒரு வேலிகூட கெடைச்சிருக்காது. என்னோட அந்த ரெண்டு உருண்டைப் பாறையும் இன்னும் மேலதான் இருந்திச்சி. கிட்டதான் இருந்திச்சி. நான் அந்தப் பக்கம் பாக்கலை.

"ஹவ் மேடம், ஆமா. இங்கதான்."

கன்னியம்மா என்ன ஒரு பார்வை பாத்தா. அப்பால அவளும், "இங்கதான்"ன்னா. ஒவ்வொருத்தியா சொன்னாளுங்க.

சர்வே ஆளு சுண்ணாம்பு மாவத் தூவி வட்டம் போட ஆரம்பிச்சான். கோவிந்தனால எந்திரிக்க முடியலை. அவன நடுவுல வெச்சே சுத்திப் போட்டான். வெள்ளக் கோட்டுக்குள்ள துண்டு போத்திக்கினு, புள்ளையாரு மாதிரி உக்காந்திருந்தான். "கொழுக்கட்ட வேணுமாடா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சத்தமா சிரிச்சேன்.

வேலி

மேடம் சொன்ன சொல்லக் காப்பாத்தினாங்க. நல்ல கம்பி வேலி, பெயிண்டு அடிச்ச கேட்டு. கொழந்தைங்க அடக்க எடம்னு தெலுங்குலயும் இங்கிலீஷுலயும் போர்டு. ரோடு அந்த வேலியத் தொடலை. தள்ளி, மேல, சீத்தாப்பழப் புதரு வழியாப் போவுது.

ரோடு வேலை தொடங்குறதுக்கு முன்னால கோவிந்தன் படுத்துட்டான். பாக்கப் போனேன். வீட்ல யாரும் இல்லாத நேரம், அவன் கண்ண மூடிக்கினு இருந்தான். கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்திச்சி. அவன் ஒவ்வொரு மூச்சையும் கிணத்துலருந்து எறைக்கிற மாதிரி எறைச்சிக்கினு இருந்தான், அதுல ஒண்ண எனக்காகச் செலவழின்னு எப்பிடிக் கேக்குறது? கால அமுக்கி விட்டுட்டு வந்துட்டேன். அந்த வாரமே போயிட்டான்.

பாறை விசயம் எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். மத்தவளுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்னு எனக்கு நானே பெரிய மனுசி பட்டம் குடுத்துக்கினேன். என் கெட்டிக்காரத்தனத்துல எனக்கு எப்பவும் ஒரு பெருமை உண்டு.

கேட்டு போட்டதுக்கு அப்பால வந்த வெள்ளிக்கெழமை, எல்லாரும் போயி பால் ஊத்திட்டு வருவோம்னு கன்னியம்மாதான் ஆரம்பிச்சா. கட்டு திட்டமெல்லாம் இனிமே யாருக்காகன்னா. தலைக்கு மை பூசி, நல்ல சேலை கட்டிக்கினு வந்தா. "எந்த மாப்பிள்ளையப் பாக்கப் போறடி?"ன்னேன். "உன் புருசனத்தான், வழியில நிப்பான்"ன்னா. அவளும் சும்மா ஆளில்ல.

கேட்டத் தொறந்து உள்ள போனோம். ஆளுக்கு ஒரு டம்ளரு. மொதல்ல கன்னியம்மா குனிஞ்சி ஊத்தினா.

பால் மண்ணுல எறங்கலை. புல்லுக்கு நடுவுல கொஞ்சம் தேங்கிச்சி, அப்பால பாறை மேல வெள்ளையா வழிஞ்சி, எங்க காலுக்கு நடுவுல ஓடி, வேலிக்கு அடியில போயிக்கினே இருந்திச்சி.

நான் கன்னியம்மாவப் பாத்தேன். அவ என்னப் பாக்கலை. பால் ஓடுறதையும் பாக்கலை. மத்தவளுங்களும் பாக்கலை. அப்பத்தான் எனக்கு ஒறைச்சிச்சி. இவளுங்க யாரு? கல்லொடைக்கிறவன் மகளுங்க, கல்லொடைக்கிறவன் பொண்டாட்டிங்க. தரையில காலு வெச்சதும் அன்னிக்கே இவளுங்களுக்கும் தெரிஞ்சிருக்குது. ஒவ்வொருத்தியும் தெரிஞ்சேதான் ஆமான்னு சொல்லியிருக்கா.

அடுத்தவ ஊத்தினா. அதுவும் ஓடிச்சி. என் முறை வந்திச்சி, நானும் ஊத்தினேன்.

அப்ப மேல, சீத்தாப்பழப் புதரு இருந்த எடத்துல, ரோட்டுக்கு மண்ணு வெட்டி ஏத்தின லாரி ஒண்ணு திரும்பிச்சி. செம்மண்ணு பொடியாக் கெளம்பி, சரிவுல மெதுவா எறங்கி வந்து எங்க தலை மேலயும் தோளு மேலயும் விழுந்திச்சி. கன்னியம்மாவோட நல்ல சேலை பூரா செவந்து போச்சி.

ஒருத்தியும் தட்டி விடலை.